இரண்டாவது அடிக்கு யார் பொறுப்பு?

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் ஆண்கள், பெண்கள் என இரு பிரிவுக் கபடியிலும் இந்தியா தங்கம் வென்றது. சென்னை கண்ணகி நகர் கார்த்திகாவும் திருவாரூர் மாவட்டம் வடுவூர் அபினேஷும் அந்த அணிகளில் ஆடினார்கள். தமிழ்நாடு அரசு இருவருக்கும் தலா ரூ.25 லட்சம் ஊக்கத்தொகை வழங்கியது. இப்படி ஒரு செய்தி வந்தால், சாயங்காலம் மைதானத்துக்கு ஓடும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் ஒரு பேச்சு எழாமல் இருக்காது: ‘நம்ம பிள்ளையையும் முறையாகக் கபடிக்கு அனுப்பினால் என்ன?’

அனுப்பினால் என்ன கிடைக்கும் என்ற கணக்கு பெற்றோருக்கு நன்றாகவே தெரியும். தமிழ்நாடு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3% இட ஒதுக்கீடு உண்டு. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவுக்கு 500 இடங்கள் உண்டு. ரயில்வேயும் காவல் துறையும் நல்ல ஆட்டக்காரர்களுக்கு வேலை கொடுத்து வைத்துக்கொள்கின்றன. மாநில அளவில் ஒரு சான்றிதழ் வாங்கிவிட்டால் குடும்பமே கரையேறலாம். எதிர்ப் பக்கத்தில் முட்டி, கணுக்கால், தோள்பட்டை ஆகியவை வருகின்றன. ‘உடைந்தால் கட்டுப் போட்டால் சேர்ந்துவிடும்’ என்று அதற்கும் ஒரு சமாதானம் தயாராக இருக்கிறது. தலை மட்டும் இந்தக் கணக்கில் வருவதே இல்லை.

தலை கணக்கில் வரும் வீடுகளில் அது வேறு மாதிரி வருகிறது. எங்கோ ஒரு மைதானத்தில் எவரோ மயங்கி விழுந்த காணொலியைப் பார்த்த மறுநாளே ‘இனிமேல் விளையாட்டே வேண்டாம்’ என்று பையை எடுத்து உள்ளே வைத்துவிடுகிறார்கள். முழுக்க அலட்சியம் அல்லது முழுக்கத் தடை, இரண்டுக்கும் நடுவே பேச்சே இல்லை.

இந்தக் கட்டுரை சொல்ல வருவது ஒன்றுதான். விளையாட விடுவதா வேண்டாமா என்பதற்கு முன்பாகப் பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வி வேறு: தலையில் அடிபட்ட பிள்ளையை ஆட்டத்திலிருந்து வெளியே எடுப்பது யார்? எப்போது, யார் சொல்லித் திரும்ப உள்ளே விடுவார்கள்? உடலோடு உடல் மோதும் விளையாட்டில் முதல் அடியை எந்தப் பெற்றோராலும் முழுதாகத் தடுத்துவிட முடியாது. இரண்டாவது அடியைத் தடுக்க முடியும். அது பெரியவர்கள் கையில் இருக்கிறது.

மண்டைக்குள் நடப்பது என்ன?

மூளை கெட்டித் தயிரைப் போல மென்மையானது. மண்டையோட்டுக்குள் ஒரு திரவத்தில் மிதக்கிறது. ரெய்டு போன பையனை நான்கு பேர் சங்கிலி போட்டு மடக்கிப் பின்னுக்குச் சாய்க்கும்போது அவனது பின்மண்டை தரையில் இடிக்கிறது. தலை சட்டென்று நிற்கிறது. உள்ளே மூளை நிற்பதில்லை, முன்னும் பின்னும் ஆடுகிறது, திருகிக்கொள்கிறது. அந்தத் திருகலில் நரம்பிழைகள் இழுபடுகின்றன. கிரிக்கெட் வர்ணனையைக் கேட்பவர்களுக்குப் பழகிப்போன ‘கன்கஷன்’ இதுதான். தலையில் அடியே படாமல், மார்பில் பலமாக மோதித் தலை வெட்டி இழுக்கப்பட்டாலும் இது வரலாம். இந்த இடத்தில் ஹெல்மெட்டால் பெரிய பயன் இல்லை. ஹெல்மெட் மண்டையோடு உடையாமல் காக்கும். மூளை உள்ளே சுழல்வதை நிறுத்தாது.

இழுபட்ட நரம்பணுக்களிலிருந்து பொட்டாசியம் வெளியேறுகிறது, கால்சியம் உள்ளே புகுகிறது. அந்தச் சமநிலையை மீட்க அணுக்களுக்கு வழக்கத்தைவிட அதிக ஆற்றல் தேவைப்படுகிறது. அதே நேரத்தில் ரத்த ஓட்டமோ குறைந்திருக்கிறது. இந்தப் பற்றாக்குறை சில நாட்கள் முதல் சில வாரங்கள்வரை நீடிக்கும். தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், வெளிச்சம் கண்ணைக் கூசுவது, படித்தது மனதில் நிற்காதது, காரணமில்லாத எரிச்சல், தூக்கம் கெடுவது ஆகியவையெல்லாம் அதன் வெளி அடையாளங்கள்.

பெற்றோர் இடறுவது இரண்டு இடங்களில். முதலாவது, ‘மயக்கம் போடலையே, அப்புறம் என்ன?’ என்ற நினைப்பு. கன்கஷன் வந்தவர்களில் பெரும்பாலோர் நினைவிழப்பதே இல்லை. இரண்டாவது, ‘ஸ்கேன் எடுத்தோம், நார்மல்’ என்ற நிம்மதி. சி.டி. ஸ்கேன் ரத்தக் கசிவையும் எலும்பு முறிவையும்தான் காட்டும். கன்கஷனில் ஸ்கேன் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லை என்பதே அதன் பொருள். நாளை மறுநாள் ஆட்டத்தில் இறங்கலாம் என்று அந்தப் படம் சொல்வதில்லை.

ஒன்றல்ல, மூன்று ஆபத்துகள்

தலைக்காயம் என்று பொதுவாகச் சொல்வதில் மூன்று தனித்தனி ஆபத்துகள் அடங்கியிருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்தால்தான் எதற்கு எவ்வளவு அஞ்ச வேண்டும் என்பது விளங்கும்.

முதலாவது, ஒரே அடியில் மூளைக்குள் ரத்தம் கசிவது. இது அரிது. ஆனால், நேரம் மிக முக்கியம். 2022 ஜூலையில் பெங்களூருவிலும் ஆகஸ்ட்டில் சென்னையிலும் நடந்த கிக் பாக்சிங் போட்டிகளில் அடிபட்டு மயங்கி விழுந்த இரண்டு இளைஞர்கள் மருத்துவமனையில் உயிரிழந்தார்கள். இருவரும் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தவர்கள். பெங்களூரு போட்டியில் போதிய மருத்துவ ஏற்பாடு இல்லை என்று குடும்பத்தினர் குற்றஞ்சாட்டினார்கள். இந்த வகை ஆபத்தில் உயிரைத் தீர்மானிப்பது, மைதானத்திலிருந்து நரம்பியல் அறுவை சிகிச்சை வசதி உள்ள மருத்துவமனைக்குப் போய்ச் சேர ஆகும் நேரம்.

இரண்டாவது, முதல் அடி ஆறுவதற்குள் விழும் இரண்டாவது அடி. மூளையின் ரத்த ஓட்டக் கட்டுப்பாடு இன்னும் சீராகாத நிலையில் விழும் சிறிய இடிகூட, சில நிமிடங்களிலேயே மூளையைக் கடுமையாக வீங்கவைக்கலாம். இதுவும் அரிது, ஆனால், பதிவானவர்கள் பெரும்பாலும் பதின்ம வயதினர். பிழைத்தவர்களில் பலர் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

மூன்றாவது, ஆண்டுக்கணக்கில் சேரும் அடிகள். ஒவ்வொன்றும் கன்கஷன் அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. பயிற்சியில் தினமும் விழும் சின்னச் சின்ன இடிகள் போதும். பல ஆண்டுகளில் மூளையில் டாவ் என்ற புரதம் முறைபிறழ்ந்து சேர்ந்து, நினைவாற்றலையும் குணத்தையும் சிதைக்கும் சி.டி.இ. என்ற நோய் இதனால் வருகிறது. குத்துச்சண்டை வீரர்களிடம் காணப்பட்ட இந்தப் பாதிப்பை அமெரிக்க மருத்துவர் ஹாரிசன் மார்ட்லண்ட் 1928இலேயே எழுதியிருந்தார். 2002இல் இறந்த அமெரிக்கக் கால்பந்து வீரர் மைக் வெப்ஸ்டரின் மூளையை ஆராய்ந்த பென்னட் ஒமாலு, 2005இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைதான் அந்த நாட்டுப் பெற்றோரின் தூக்கத்தைக் கெடுத்தது.

111இல் 110 என்ற எண்

சி.டி.இ. பற்றிப் பேசும்போது ஒரு எண் திரும்பத் திரும்ப வரும். ஆன் மெக்கீ தலைமையிலான பாஸ்டன் பல்கலைக்கழகக் குழு 2017இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கக் கால்பந்தின் தேசிய லீகில் ஆடிய 111 பேரின் மூளைகளில் 110இல் இந்த நோய் இருந்தது. இதைக் கேட்ட எந்தத் தாயும் பிள்ளையை மைதானத்துக்கு அனுப்பத் தயங்குவார். ஆனால், அந்த மூளைகள் பொத்தாம்பொதுவாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை அல்ல. உயிரோடு இருந்தபோதே தடுமாற்றம் தெரிந்தவர்களின் குடும்பங்கள்தான் மூளையைத் தானமாகக் கொடுக்க அதிகம் முன்வந்தன. ‘ஆடிய எல்லோருக்கும் வரும்’ என்று அந்த எண்ணைப் படிக்கக் கூடாது என்பதை ஆய்வாளர்களே தெளிவாகச் சொன்னார்கள். அதே ஆய்வில் உயர்நிலைப் பள்ளியோடு ஆட்டத்தை நிறுத்திக்கொண்டவர்கள் 14 பேர். அவர்களில் மூவருக்குத்தான் நோயின் தடயம் இருந்தது.

மறுபக்கத்தில் இன்னொரு ஆய்வு. விஸ்கான்சின் மாநிலத்தில் 1957இல் பள்ளிப் படிப்பை முடித்தவர்களை ஆய்வாளர்கள் வாழ்நாள் முழுதும் பின்தொடர்ந்தார்கள். பள்ளியில் அமெரிக்கக் கால்பந்து ஆடியவர்களையும் ஆடாதவர்களையும் 65 வயதில் ஒப்பிட்டபோது நினைவாற்றலிலும் மனச்சோர்விலும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை.

இரண்டும் முரண்படுவதுபோலத் தெரியும். 2019இல் வெளிவந்த மற்றொரு பாஸ்டன் ஆய்வு இந்த முடிச்சை அவிழ்க்க உதவுகிறது. ஆடிய ஒவ்வோர் ஆண்டுக்கும் சி.டி.இ. வரும் வாய்ப்பு சுமார் 30% கூடுகிறது என்று அது கண்டது. ஆக, இது அளவைப் பொறுத்த ஆபத்து. எத்தனை ஆண்டு ஆடினாய், எத்தனை வயதில் தொடங்கினாய், வாரத்துக்கு எத்தனை நாள் முழு வேகத்தில் மோதினாய் என்பவைதான் கணக்கு. பள்ளியில் மூன்று ஆண்டு ஆடிய பிள்ளையும் 20 ஆண்டு தொழில்முறையாக ஆடியவரும் ஒரே தட்டில் வைக்கப்பட வேண்டியவர்கள் அல்லர்.

அளவைக் குறைக்க முடியும் என்பதைச் செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். டார்ட்மவுத் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர் படி டீவன்ஸ், 2010 முதல் பயிற்சியின்போது தன் வீரர்கள் ஒருவரையொருவர் மோதி வீழ்த்துவதையே நிறுத்திவிட்டார். பொம்மைகளை வைத்துப் பயிற்சி கொடுத்தார். அணி சோர்ந்துபோகவில்லை; 2015இல் லீக் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டது. அமெரிக்காவில் சிறுவர் கால்பந்தில் 10 வயதுவரை பந்தைத் தலையால் முட்டுவதை 2015இல் தடைசெய்தார்கள். பனி ஹாக்கியில் உடலால் இடித்துத் தள்ளுவதை 13 வயதுப் பிரிவுக்குக் கீழே 2011 முதல் அமெரிக்காவும் 2013 முதல் கனடாவும் நிறுத்தின. எந்த விளையாட்டும் இதனால் அழிந்துபோகவில்லை.

பெற்றோரிடமிருந்து பிறந்த சட்டங்கள்

2006 அக்டோபரில் வாஷிங்டன் மாநிலத்தில் ஸாக்கரி லிஸ்டெட் என்ற 13 வயதுச் சிறுவன் பள்ளி அமெரிக்கக் கால்பந்துப் போட்டியில் எதிராளியை வீழ்த்தும்போது தலை தரையில் இடித்தது. தலையைப் பிடித்துக்கொண்டு கிடந்தவனை வெளியே உட்காரவைத்தார்கள். அடுத்த பாதியில் மீண்டும் இறக்கினார்கள். ஆட்டம் முடிந்ததும் அவன் சரிந்தான். மூளை வீக்கத்தைத் தணிக்க மண்டையோட்டின் இரு பக்கங்களையும் மருத்துவர்கள் எடுக்க வேண்டியிருந்தது. முதல் சொல்லைப் பேச அவனுக்கு ஒன்பது மாதங்கள் ஆயின.

அவனுடைய பெற்றோர் விளையாட்டைத் தடைசெய்யச் சொல்லிக் கேட்கவில்லை. மூன்றே மூன்று விதிகளைக் கேட்டார்கள். பருவம் தொடங்கும் முன் பிள்ளையும் பெற்றோரும் கன்கஷன் பற்றிய தாளைப் படித்துக் கையெழுத்திட வேண்டும். சந்தேகம் வந்தாலே பிள்ளையை வெளியே எடுத்துவிட வேண்டும். பயிற்சி பெற்ற மருத்துவப் பணியாளர் எழுத்தில் அனுமதி கொடுக்காமல் திரும்ப இறக்கக் கூடாது. 2009இல் அது சட்டமானது. 2014க்குள் அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் இதே போன்ற சட்டங்கள் வந்துவிட்டன.

2013 மே மாதம் கனடாவின் ஒட்டாவாவில் ரோவன் ஸ்ட்ரிங்கர் என்ற 17 வயது மாணவி ஒரு வாரத்துக்குள் நடந்த ரக்பி ஆட்டங்களில் அடுத்தடுத்துத் தலையில் அடிபட்டு இறந்தார். பள்ளி அணியின் கேப்டன் அவர். தனக்குக் கன்கஷன் இருக்குமோ என்று கைபேசியில் தேடிப் பார்த்திருக்கிறார்; தோழியிடம் சொல்லியிருக்கிறார். பெற்றோரிடமும் பயிற்சியாளரிடமும் சொல்லவில்லை. அவர் பெயரால் 2018இல் ஒன்டாரியோ மாகாணம் சட்டம் இயற்றியது. வட அயர்லாந்தில் 2011இல் 14 வயது மாணவர் ஒருவர் ரக்பி ஆட்டத்தில் பலமுறை அடிபட்டும் ஆட்டத்தில் நீடித்து, தாயின் கண்ணெதிரே சரிந்து இறந்தார். தந்தை தொடர்ந்து குரல் கொடுத்தார். சந்தேகம் இருந்தால் உட்காரவை என்ற வழிகாட்டுதல் ஸ்காட்லாந்தில் எல்லா விளையாட்டுகளுக்கும் பொதுவாக வந்ததற்கு அவரும் ஒரு காரணம்.

மூன்று இடங்களிலும் பிள்ளைகள் நேசித்த விளையாட்டு இருந்தது, அக்கறையுள்ள பெற்றோர் இருந்தார்கள், பயிற்சியாளர்கள் இருந்தார்கள். இல்லாமல் போனது, அந்த நிமிடத்தில் ‘போதும், வெளியே வா’ என்று சொல்லக் கடமைப்பட்ட ஒருவர்.

மின்னொளியில் மறைவது

நம் ஊர் மின்னொளிக் கபடிப் போட்டி ஒன்றை நினைத்துப்பாருங்கள். ஒலிபெருக்கியில் வர்ணனை, நாலாபக்கமும் கூட்டம், சுழற்கோப்பையும் ரொக்கப் பரிசும் மேடையில். ரெய்டர் மடக்கப்பட்டு விழுகிறான்; எழவில்லை. முகத்தில் தண்ணீர் தெளிக்கிறார்கள். யாரோ கையைப் பிடித்து இழுத்து உட்காரவைக்கிறார்கள். ‘ஒண்ணுமில்லடா, எழுந்திரு’ என்கிறார் கோச். அவன் எழுந்து நின்றதும் கூட்டம் கைதட்டுகிறது. அடுத்த ரெய்டுக்கு அவனே போகிறான். அங்கிருக்கும் எவரும் கெட்டவர் அல்லர். ஆனால், ஒவ்வொருவருக்கும் அவன் திரும்ப ஆடுவதில் ஒரு லாபம் இருக்கிறது. கோச்சுக்கு வெற்றி, அணிக்குப் பரிசு, குடும்பத்துக்குச் சான்றிதழ். அந்தப் பையனுக்கு, உட்கார்ந்தால் தன் இடத்தை வேறொருவன் பிடித்துக்கொள்வான் என்ற பயம். அடிபட்ட மூளையைக் கொண்டே தன் மூளையின் நிலையை அவன் எடைபோட வேண்டியிருக்கிறது. ‘ஆடுவியாடா?’ என்று கேட்டால் ‘ஆடுவேண்ணா’ என்றுதான் சொல்வான்.

சினிமாவும் நமக்கு இதையே பழக்கிவைத்திருக்கிறது. ‘வெண்ணிலா கபடி குழு’வில் நாயகன் களத்திலேயே உயிர்விடுவதைப் பார்த்து அழுதோம். வலியைக் காட்டாதவன் வீரன் என்று கைதட்டினோம். கால்வலியைப் பொறுத்துக்கொண்டு ஆடுவதை வேண்டுமானால் வீரம் என்று சொல்லிக்கொள்ளலாம். தலைவலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு களமிறங்குவதை அப்படிச் சொல்ல முடியாது.

லாபம் இருப்பவர்களிடமே முடிவை விட்டால் என்ன ஆகும் என்பதைக் கிரிக்கெட் உணர்ந்துகொண்டது. ஒருவர் வெளியேறினால் அணி ஓர் ஆளை இழக்கும் என்றால் யாரும் வெளியேற மாட்டார்கள். அதனால்தான் 2019இல் சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் கன்கஷன் மாற்று வீரரை அனுமதித்தது. 2020 டிசம்பரில் கான்பெராவில், தங்கராசு நடராஜன் தன் முதல் சர்வதேச டி20 ஆட்டத்தில் ஆடிய அதே நாளில், ஹெல்மெட்டில் பந்து பட்ட ஜடேஜா இன்னிங்ஸ் முடியும்வரை நின்று ஆடினார். பிறகு மருத்துவக் குழு அவரை நிறுத்தியது. சஹல் இறங்கி மூன்று விக்கெட் எடுத்தார். நாட்டின் உச்சியில் ஆடும் ஒருவருக்குக்கூட முடிவெடுக்க இன்னொருவர் தேவைப்படுகிறார். மாவட்டப் போட்டியில் ஆடும் 15 வயதுப் பையன் மட்டும் தானே தீர்மானிக்க வேண்டுமா?

தடுத்துவிட்டால் தீர்ந்ததா?

இதற்கெல்லாம் எளிய வழி விளையாட்டையே நிறுத்துவதுதான் என்று சில பெற்றோர் நினைக்கலாம். அந்த எளிய வழிக்கும் விலை உண்டு. அதை அதிகம் கொடுப்பவர்கள் பெண்பிள்ளைகள். வயதுக்கு வந்ததும் மைதானத்தைவிட்டு விலக்கப்படும் சிறுமிகள் நம்மிடையே ஏற்கெனவே ஏராளம். ‘தலையில் அடிபடும்’ என்பது அவர்களை வீட்டிலேயே வைக்க இன்னொரு காரணமாகிவிடக் கூடாது. ஒரே விளையாட்டில் ஆண்களைவிடப் பெண்களிடம் கன்கஷன் அதிகம் பதிவாகிறது என்பது கால்பந்தில் திரும்பத் திரும்பக் காணப்பட்டது. அவர்களுக்குத் தேவை நல்ல பயிற்சி, கழுத்துத் தசைக்கான உடற்பயிற்சி, கவனிக்கும் கண். விலக்கல் தேவையில்லை.

ஸ்காட்லாந்தில் முன்னாள் கால்பந்து வீரர்களை ஆராய்ந்த வில்லி ஸ்டூவர்ட் குழு 2019இல் வெளியிட்ட முடிவும் இங்கே நினைவில் வைக்கத்தக்கது. அந்த வீரர்கள் நரம்புச் சிதைவு நோயால் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட மூன்றரை மடங்கு அதிகம். அதே வீரர்கள் இதய நோயாலும் நுரையீரல் புற்றுநோயாலும் இறப்பது மற்றவர்களைவிடக் குறைவு. விளையாட்டு ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுக்கிறது. நீரிழிவும் உடல்பருமனும் பள்ளிப் பருவத்திலேயே எட்டிப்பார்க்கும் காலத்தில், கொடுப்பதை மறந்துவிட்டு எடுப்பதை மட்டும் எண்ணுவது சரியான கணக்காகாது.

ஆபத்தை எடைபோடும்போது இன்னொரு நேர்மையும் வேண்டும். தமிழ்நாட்டில் 2022இல் மட்டும் சாலை விபத்துகளில் 17 ஆயிரத்துக்கும் அதிகமானோர் இறந்தார்கள். கபடியில் தலையில் அடிபடுமே என்று அஞ்சும் அப்பா, அதே பிள்ளையைத் தலைக்கவசம் இல்லாமல் பைக்கின் பின்னால் உட்காரவைத்துப் பள்ளியில் விடுகிறார். நான்கு வயதைக் கடந்த எல்லோருக்கும் தலைக்கவசம் கட்டாயம் என்பது சட்டம். அஞ்ச வேண்டிய வரிசையில் அந்தப் பைக் பயணம்தான் முதலில் வரும்.

எல்லா ஆட்டமும் ஒன்றல்ல

அதே நேரத்தில், எல்லா மோதல் விளையாட்டுகளையும் ஒரே பார்வையில் பார்க்க முடியாது. கபடியிலும் கால்பந்திலும் தலையில் அடிபடுவது தற்செயல். பிடிக்கும் முறையாலும் தரையாலும் விதிகளாலும் அதைக் குறைக்கலாம். குத்துச்சண்டையிலும் கிக் பாக்சிங்கிலும் தலையில் அடிப்பதே புள்ளி. அமெரிக்க, கனடியக் குழந்தை மருத்துவர் சங்கங்கள் 2011இல் கூட்டாகச் சிறார் குத்துச்சண்டையை எதிர்த்தது இதனால்தான். அமெரிக்கக் கால்பந்துக்கு அப்படி ஒட்டுமொத்த எதிர்ப்பை அமெரிக்கச் சங்கம் சொல்லவில்லை. முறையான பயிற்சியும் மேற்பார்வையும் வேண்டும், மோதல் இல்லாத மாற்று ஆட்டங்களும் வேண்டும் என்றது. வடசென்னையில் குத்துச்சண்டை ஒரு பண்பாடு. அங்கிருந்து வாழ்க்கையில் எழுந்தவர்கள் பலர். ஆனாலும், பத்து வயதுப் பிள்ளைக்குக் காலசைவும் பை குத்துவதும் கற்றுக்கொடுப்பது வேறு, தலையில் குத்து வாங்கும் பயிற்சிக்கு இறக்குவது வேறு. இரண்டாவதைப் பெற்றோர் தயங்காமல் மறுக்கலாம்.

கபடிக்கு இந்த யோசனை புதிதும் அல்ல. இளையோர் ஆட்டங்களில் எடை பார்த்துத்தான் களமிறக்குகிறோம். உடல் வலுவில் பெரிய ஏற்றத்தாழ்வு இருந்தால் அடி பலமாகும் என்பதை ஏற்றுக்கொண்ட விளையாட்டு அது. அதன் அடுத்த படி, முழு வேகத்தில் மடக்கும் பயிற்சியை வாரத்தில் சில நாட்களோடு நிறுத்துவதும், மற்ற நாட்களில் மெதுவாக நடந்து பிடியைப் பழக்குவதும்.

வீடும் அரசும் செய்ய வேண்டியவை

தலையில் அடிபட்ட பிள்ளை திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, வலிப்பு வந்தாலோ, எழுப்பினாலும் எழாத தூக்கத்தில் ஆழ்ந்தாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு கையோ காலோ தளர்ந்தாலோ, காதிலோ மூக்கிலோ தெளிந்த நீர் வடிந்தாலோ, உடனே 108ஐ அழைக்க வேண்டும். இவை எதுவும் இல்லாவிட்டாலும் அன்று அந்தப் பிள்ளைக்கு ஆட்டம் முடிந்தது. 2022இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய உலக விளையாட்டு மருத்துவ நிபுணர்கள் வகுத்த வழி இது: முதல் 24 முதல் 48 மணி நேரம் ஓய்வு, கைபேசித் திரையைக் குறைப்பது, இருட்டறையில் நாள்கணக்கில் அடைத்துவைக்கத் தேவையில்லை. அந்த நேரத்திலேயே மெல்ல நடக்கலாம். முதலில் வகுப்புக்குத் திரும்ப வேண்டும், அதன் பிறகுதான் மைதானம். மைதானத்திலும் ஓட்டம், தனிப் பயிற்சி, மோதல் இல்லாப் பயிற்சி, மருத்துவர் அனுமதித்த பிறகு முழுப் பயிற்சி, கடைசியில் போட்டி என்று படிப்படியாக. ஒரு படியில் தலைவலி கூடினால் அந்தப் படியிலிருந்து மேலே போகக் கூடாது. பெரும்பாலான பிள்ளைகள் நான்கு வாரங்களுக்குள் முழுதாகத் தேறிவிடுகிறார்கள்.

அரசு செய்ய வேண்டியதற்குப் பெரிய நிதி தேவையில்லை. பள்ளிக் கல்வித் துறையும் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் சேர்ந்து தமிழில் ஒரு பக்கத் தாளைத் தயாரிக்கலாம். முதலமைச்சர் கோப்பை முதல் குறுவட்டப் போட்டிவரை, பெற்றோர் அதில் கையெழுத்திடாமல் பிள்ளையின் பெயரைப் பதியக் கூடாது. தலையில் அடிபட்டவரை வெளியேற்றும் அதிகாரம் நடுவருக்கு வேண்டும்; அதை எதிர்த்து அணி மேலாளர் வாதிட இடம் இருக்கக் கூடாது. திரும்ப ஆட அனுமதிப்பவர் அணியோடு தொடர்பில்லாத மருத்துவராக இருக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவருக்கு இதற்கான ஒரு நாள் பயிற்சி போதும். உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் அதே பயிற்சி வேண்டும். அடிபட்ட பிள்ளையை முதலில் பார்ப்பவர்கள் அவர்கள்தான். காயத்தால் ஆட முடியாமல் போன மாணவரின் தேர்வு வாய்ப்பு பறிபோகாது என்ற உறுதியும் வேண்டும். அது இல்லாதவரை பிள்ளைகள் மறைக்கத்தான் செய்வார்கள்.

ஊர்ப் போட்டிகள் அரசின் கைக்கு எட்டாது என்று சொல்ல முடியாது. மஞ்சுவிரட்டும் ஜல்லிக்கட்டும் ஊர்த் திருவிழாக்கள்தாம். ஆனால், 2017இல் வந்த ஜல்லிக்கட்டு விதிகளின்படி மாட்டுக்கும் வீரருக்கும் பரிசோதனை, மருத்துவக் குழு, ஆம்புலன்ஸ் எல்லாம் கட்டாயம். கபடிப் போட்டி நடத்தவும் காவல் துறையிடம் அனுமதி கேட்டு மனு போடுகிறார்கள். அந்த அனுமதித் தாளில் இரண்டு வரிகளைச் சேர்த்தால் போதும்: முதலுதவி தெரிந்த ஒருவரும் ஒரு வாகனமும் மைதானத்தில் இருக்க வேண்டும், தலையில் அடிபட்டவர் அன்று மீண்டும் ஆடக் கூடாது.

சட்டமும் அரசாணையும் வரும்வரை பெற்றோர் காத்திருக்க வேண்டியதில்லை. பிள்ளையைச் சேர்க்கப் போகும்போது கட்டணத்தையும் சீருடையையும் விசாரிப்பதோடு கோச்சிடம் இதையும் கேட்கலாம்: ‘சார், என் பிள்ளைக்குத் தலையில் அடிபட்டால் என்ன செய்வீர்கள்?’ ‘அன்று உட்காரவைப்பேன், உங்களுக்குச் சொல்வேன், டாக்டர் எழுதிக் கொடுக்காமல் இறக்க மாட்டேன்’ என்பவரிடம் பிள்ளையை நம்பி விடலாம். ‘அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா’ என்று சிரிப்பவர் எத்தனை கோப்பை வாங்கியவராக இருந்தாலும், வேறு மைதானம் தேடுவது நல்லது.